உப்புநீர் கலக்கும் டிரம்மிலேயே பாசியை நிறுத்துவது எப்படி

மரைன் டேங்கில், அதாவது கடல் மீன் வளர்க்கும் உப்புநீர்த் தொட்டியில், பாசி வந்தால் முதலில் லைட் மேல் பழி போடுவோம், அப்புறம் தீனி மேல், அதிலும் ஒன்றும் தேறவில்லை என்றால் உப்பு மேல். நானும் அதே வரிசையில்தான் போனேன். சென்னையில் வீட்டு ஹாலில் 100 லிட்டர் டேங்க், இரண்டு க்ளவுன் மீன், நாலைந்து நத்தை, கொஞ்சம் கல். ஏழெட்டு மாதமாக அந்தக் கல் முழுக்கத் தலைமுடி மாதிரி பச்சைப் பாசி. லைட்டைப் பத்து மணி நேரத்திலிருந்து ஆறு மணி நேரமாகக் குறைத்தேன், தீனியை ஒருநாள் விட்டு ஒருநாள் ஆக்கினேன், கடையில் கொடுத்த ஒரு பாட்டில் மருந்தை ஊற்றி இரண்டு நத்தைகளைக் கொன்றதுதான் மிச்சம். கடைசியில் சில நூறு ரூபாய்க்கு, தண்ணீரில் எவ்வளவு கரைந்திருக்கிறது என்று காட்டும் டிடிஎஸ் மீட்டர் ஒன்று வாங்கி, உப்பு கலப்பதற்காகப் பிடித்து வைத்திருந்த தண்ணீரில் முக்கினால் 78 காட்டுகிறது. சமையலறை ஆர்ஓ மெஷினில் பிடித்த தண்ணீர் அது. ஆர்ஓ தண்ணீர்தானே என்று அதுவரை ஒருநாளும் சந்தேகப்பட்டதில்லை.

அதாவது வாராவாரம் தண்ணீர் மாற்றுகிறேன் என்று நானே பாசிக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். அதனால் இங்கே டேங்கைப் பற்றி அதிகம் பேசப் போவதில்லை, தண்ணீர் டேங்குக்குள் போவதற்கு முந்தைய கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

பாசி வளர வெளிச்சம் வேண்டும், சாப்பாடு வேண்டும், வித்து வேண்டும். வித்தை முழுசாகத் தடுக்க யாராலும் முடியாது. கல்லோடு வரும், மீன் வந்த பையோடு வரும், நம் கையோடும் வரும். டேங்கில் வெளிச்சத்தை நிறுத்த முடியாது, பார்த்து ரசிக்கத்தானே வைத்திருக்கிறோம். ஆனால் உப்புநீர் கலக்கும் டிரம்முக்கு வெளிச்சமும் தேவையில்லை, சாப்பாடும் தேவையில்லை, இரண்டையும் அங்கே அறுத்துவிடலாம். சாப்பாடு என்று நான் சொல்வது முக்கியமாக நைட்ரேட், பாஸ்பேட், சிலிகேட். முதல் இரண்டும் பச்சைப் பாசிக்கு. சிலிகேட், மணலையும் கண்ணாடியையும் பழுப்புப் பொடி மாதிரி மூடுகிறதே, அந்த டயாட்டத்துக்கு. அதன் ஓடே சிலிக்காவால் ஆனது, சிலிகேட் கிடைக்காவிட்டால் அதனால் பெருக முடியாது.

முதலில் தண்ணீர்

குழாய்த் தண்ணீர், போர் தண்ணீர், லாரித் தண்ணீர் எதை எடுத்தாலும் இந்த மூன்றும் ஏதோ ஓர் அளவில் இருக்கும். குளோரின் நீக்கும் சொட்டு மருந்து விட்டால் குளோரின் போகும், நைட்ரேட்டும் சிலிகேட்டும் அப்படியே இருக்கும். கொதிக்க வைத்து ஆற்றினாலும் போகாது, ஆவியானது போக மீதித் தண்ணீரில் அடர்த்திதான் கூடும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. தென்சென்னைப் பக்கம் வருவதில் ஒரு பங்கு, நெம்மேலியில் கடல்நீரிலிருந்து உப்பை நீக்கி எடுத்த தண்ணீர். 2013-ல் நாளுக்குப் பத்துக் கோடி லிட்டர் என்று தொடங்கி, 2024-ல் பதினைந்து கோடி லிட்டருக்கு இன்னோர் ஆலையும் வந்தது. மீஞ்சூர் ஆலை தொடங்கியது 2010-ல். கடலிலிருந்து உப்பை எடுத்துவிட்டு வீட்டுக்கு அனுப்புகிறார்கள், நாம் அதை மறுபடி வடிகட்டி மறுபடி உப்பைப் போடுகிறோம். அதற்காக 'ஏற்கெனவே ஆர்ஓ செய்ததுதானே' என்று நேரடியாகப் பிடித்துவிடாதீர்கள். குடிநீர் என்பதால் தாது சேர்த்துத்தான் அனுப்புவார்கள், அதன் பிறகு குழாய், சம்ப், மாடி டேங்க் என்று எத்தனை இடத்தில் தங்கி வருகிறது.

சமையலறை ஆர்ஓவில் என்ன கோளாறு என்றால், கோளாறே இல்லை, அது தன் வேலையைச் சரியாகத்தான் செய்கிறது. இங்கே விற்கும் மெஷின்கள் பலவற்றில் டிடிஎஸ் கன்ட்ரோலர் என்று ஒரு சின்னத் திருகு இருக்கும், அல்லது கடைசியில் ஒரு மினரல் கேட்ரிட்ஜ் இருக்கும், சிலவற்றில் இரண்டும். குடிக்கும்போது சப்பென்று இருக்கக் கூடாது என்பதற்காக, மெம்பிரேன் என்கிற வடிகட்டும் சவ்வு வழியே போகாத தண்ணீரில் கொஞ்சத்தைப் பக்கவாட்டில் எடுத்து நல்ல தண்ணீரோடு கலந்துவிடும். நமக்கு அது நல்லது, மரைன் டேங்குக்கு அதுதான் வினை. கடையில் வாங்கும் 20 லிட்டர் கேனுக்கும் இதே கதைதான், ருசிக்காகத் தாது சேர்த்திருக்க வாய்ப்பு அதிகம்.

ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பிடித்து மீட்டரில் பார்த்தால் அருமையான எண் காட்டும். அதை நம்ப வேண்டாம், செம்புக் குழாய் இருக்கும் காயிலில் வழிந்து வருவது அது. நத்தை, இறால், பவளம் எதுவும் செம்பைத் தாங்காது.

தேவைப்படுவது ஆர்ஓவுக்கு அப்புறம் டிஐ என்கிற ரெசின் டப்பா. செடிமென்ட், கார்பன், மெம்பிரேன், டிஐ என்று நாலும் சேர்ந்த தனி யூனிட் வாங்கினால் தலைவலி இல்லை. பணம் பார்ப்பவர்கள் நான் செய்தது மாதிரி செய்யலாம்: மெஷினுக்கு வழக்கமாக வரும் சர்வீஸ் ஆளிடம் சொல்லி, மெம்பிரேனிலிருந்து வெளியே வரும் ட்யூபில், டிடிஎஸ் கன்ட்ரோலர் சேரும் இடத்துக்கு முன்னாலேயே T வடிவ இணைப்பு ஒன்றும் ஒரு வால்வும் போட்டுத் தனி ட்யூப் இழுத்து, அதன் முனையில் ரெசின் டப்பாவை மாட்டிக்கொள்ள வேண்டும். அவர் 'எதுக்கு சார் இது' என்று இரண்டு முறை கேட்பார், மீனுக்கு என்று சொன்னால் இன்னும் குழம்புவார், பரவாயில்லை. மெம்பிரேன் நல்ல நிலையில் இருந்தால் கரைந்திருப்பதில் 90 முதல் 98 சதவீதம் வரை தடுக்கும். உள்ளே 600 போனால் வெளியே 12-லிருந்து 60-க்குள் ஏதாவது வரும், மீதியை ரெசின் பிடித்துக்கொள்ளும். டிஐக்குப் பிறகு மீட்டரில் 0 வர வேண்டும். 5 இருக்கிறது, 10 இருக்கிறது, பரவாயில்லையா என்று கேட்காதீர்கள், 0.

இனி இந்த மீட்டர் சொல்லாத விஷயம். டிடிஎஸ் மீட்டர் உண்மையில் அளப்பது தண்ணீர் எவ்வளவு மின்சாரம் கடத்துகிறது என்பதை. சிலிக்கா பெரும்பாலும் மின்னூட்டம் இல்லாத வடிவில் கரைந்திருப்பதால் மீட்டருக்கு அது சரியாகத் தெரியாது. ரெசினும் சிலிகேட்டைத் தளர்வாகத்தான் பிடித்திருக்கும், தீரப் போகிற நேரத்தில் முதலில் கைவிடுவது அதைத்தான். ஆக, மீட்டர் 0-விலேயே நிற்கும்போது சிலிகேட் கசிய ஆரம்பித்திருக்கலாம், 1 அல்லது 2 காட்டும்போது நாம் ஏற்கெனவே தாமதம். டேங்க் வைத்து ஒரு வருடம் கழித்து, எந்தக் காரணமும் இல்லாமல் மணலில் பழுப்புப் படிவு திரும்பி வந்தால் நான் முதலில் பார்ப்பது ரெசினைத்தான். நிறம் மாறும் ரெசின் வாங்கினால் கண்ணாலேயே தெரியும், நிறம் முக்கால்வாசி ஏறியதும் மாற்றிவிடுங்கள். இரண்டு டப்பாக்களை வரிசையாக மாட்டி, முதலாவது தீர்ந்ததும் இரண்டாவதை முன்னால் கொண்டுவந்து, புதிதைப் பின்னால் போடுவது இன்னும் சிக்கனம்.

இன்னொன்று, மெஷினை நிறுத்தி வைத்திருந்து ஆன் செய்ததும் முதல் சில நிமிடம் வரும் தண்ணீரில் டிடிஎஸ் அதிகமாக இருக்கும். மெம்பிரேனின் இரு பக்கமும் தண்ணீர் சும்மா நிற்கும்போது உப்பு மெல்ல இந்தப் பக்கம் ஊறி வந்துவிடுகிறது. அதை ரெசினுக்குள் விடாமல் வெளியே விட்டுவிட்டால் ரெசின் நிறைய நாள் வரும். தினமும் ஐந்து ஐந்து லிட்டராகப் பிடிப்பதைவிட வாரத்துக்கு ஒருமுறை மொத்தமாகப் பிடிப்பது இதனால்தான் நல்லது. மே மாதத்தில் மாடி டேங்க் தண்ணீர் கை வைக்க முடியாத சூட்டில் வரும். தண்ணீர் சூடானால் மெம்பிரேன் வேகமாகக் கொடுக்கும், ஆனால் உப்பையும் கூடவே விடும். நான் அந்த மாதங்களில் விடியற்காலையில்தான் பிடிப்பேன். கழிவாகப் போகும் தண்ணீர் நல்ல தண்ணீரைவிடப் பல மடங்கு இருக்கும், அதைப் பக்கெட்டில் பிடித்தால் வீடு துடைக்க ஆகும்.

ஆவியாகிற தண்ணீருக்கு ஈடாக ஊற்றுவதும் இதே டிஐ தண்ணீராகத்தான் இருக்க வேண்டும், உப்பு கலக்காமல். உப்புநீருக்கு மட்டும் நல்ல தண்ணீர் எடுத்துவிட்டு, அன்றாடம் இறங்கும் மட்டத்துக்குக் குழாய்த் தண்ணீர் ஊற்றுபவர்கள் இருக்கிறார்கள். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். மூடியில்லாத 100 லிட்டர் டேங்கில், ஃபேன் காற்றும் பட்டால், நாளுக்கு 2 லிட்டர் ஆவியாகிறது என்று வைத்துக்கொள்வோம். மாதத்துக்கு 60 லிட்டர். ஊற்றுகிற தண்ணீரில் பாஸ்பேட் 0.5 பிபிஎம் (லிட்டருக்கு அரை மில்லிகிராம்) இருந்தால், தண்ணீர் ஆவியாகிப் போகும், பாஸ்பேட் போகாது, ஒரே மாதத்தில் டேங்கில் 0.3 பிபிஎம் ஏறியிருக்கும். பொதுவாக நாம் வைத்திருக்க நினைப்பது 0.1-க்குக் கீழே.

டிரம்

வெளிச்சம் புகாத டிரம்தான் வேண்டும், உணவு தரத்தில் உள்ள பிளாஸ்டிக். நீல நிற டிரம் நல்லதுதான், ஆனால் பழைய சாமான் கடையில் மலிவாகக் கிடைக்கும் நீல டிரம்மில் முன்பு என்ன கெமிக்கல் இருந்தது என்று விற்பவருக்கே தெரியாது, அதைத் தொடாதீர்கள். வெள்ளையாக, உள்ளே தண்ணீர் மட்டம் வெளியே தெரிகிற மாதிரி இருக்கும் டிரம் என்றால் வெளிச்சமும் உள்ளே போகிறது என்று அர்த்தம். கறுப்பு பாலிதீனை இரண்டு சுற்றுச் சுற்றி டேப் ஒட்டினால் போதும். தண்ணீர் கேனில் உப்புநீர் கலந்து பால்கனியில் வைத்து, பத்து நாள் கழித்து உள்ளே பச்சை ஏறிவிட்டது, உப்பில் ஏதோ இருக்கிறது என்று ஒரு நண்பர் என்னிடம் சொன்னார். பால்கனியை மாற்றச் சொன்னேன்.

மூடி கட்டாயம். சென்னையில் தூசிக்குக் கணக்கே இல்லை, வீட்டுக்குள் ஊதுபத்திப் புகையும் தாளிப்பு எண்ணெயும் வேறு. உப்பில்லாத டிஐ தண்ணீர் டிரம் திறந்து கிடந்தால் கொசு முட்டையிடும், கொசுப் புழு தேடி வரும் மாநகராட்சி ஊழியரிடம் நீங்கள் மரைன் டேங்க் பாடம் நடத்த வேண்டியிருக்கும்.

டிரம்முக்கென்று தனி மோட்டார், தனி ட்யூப், தனி மக். இதில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். டேங்கில் ஓடும் பவர்ஹெட்டைக் கழற்றி டிரம்மில் போட்டுக் கலக்கிவிட்டு, மறுபடி டேங்கிலேயே மாட்டுவது. அந்த மோட்டாரின் உள்ளே பாசித் துணுக்கும் வழவழப்பும் ஒட்டியிருக்கும், டிரம்முக்கு அதுதான் வித்து. டேங்கிலிருந்து அழுக்குத் தண்ணீர் எடுக்கும் பக்கெட்டையும் டிரம் பக்கம் கொண்டுபோகாதீர்கள். நான் பக்கெட்டின் மேல் பெயின்ட்டால் 'அழுக்கு' என்றே எழுதி வைத்திருக்கிறேன், ஏனென்றால் வீட்டில் நான் மட்டும் இல்லை.

டிரம்மில் குழாய் வைப்பதானால் பிளாஸ்டிக் குழாய், பித்தளை வேண்டாம், காரணம் மேலே சொன்ன செம்புதான். மோட்டார் ஓடும்போது கையை உள்ளே விடாதீர்கள், உப்புநீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும்.

உப்பு போடுவது

தண்ணீரில்தான் உப்பைப் போட வேண்டும், உப்பின் மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது. தண்ணீரை நிரப்பி, மோட்டாரை ஓடவிட்டு, உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவுங்கள். ஒரே இடத்தில் கொட்டினால் அந்த இடத்தில் அடர்த்தி தாறுமாறாக ஏறி, கால்சியமும் கார்பனேட்டும் சேர்ந்து வெள்ளைப் பொடியாகப் படிந்துவிடும். ஒருமுறை படிந்தால் கலக்கினாலும் கரையாது. தண்ணீர் சூடாக இருந்தாலும் இதே நடக்கும், சூடு ஏற ஏறக் கால்சியம் கார்பனேட்டின் கரைதிறன் குறையும். சீக்கிரம் கரையட்டும் என்று வெந்நீர் சேர்ப்பது சர்க்கரைக்குச் சரி, இதற்கு ஆகாது.

அளவு லிட்டருக்கு சுமார் 35 முதல் 40 கிராம் வரை, பிராண்டைப் பொறுத்து. 20 லிட்டருக்கு 700 கிராமில் தொடங்கி, கரைந்ததும் உப்பின் அளவைக் காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரில் பார்த்து மீதியைச் சேருங்கள். 35 பிபிடி (ஆயிரத்தில் 35 பங்கு உப்பு), அதாவது ஒப்படர்த்தி 1.026 பக்கம் வந்தால் சரி. ரிஃப்ராக்டோமீட்டரை வெறும் டிஐ தண்ணீரில் 0 வைத்துவிட்டு நம்பாதீர்கள். 36.5 கிராம் சாதாரணத் தூள் உப்பை 963.5 கிராம் டிஐ தண்ணீரில் கரைத்தால் மீட்டர் 35 காட்ட வேண்டும், காட்டாவிட்டால் திருகிச் சரிசெய்யுங்கள். பாசிக்கும் இதற்கும் நேர்ச் சம்பந்தம் இல்லை, ஆனாலும் இதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. மற்றபடி கல்லுப்பு, தூள் உப்பு எதையும் டேங்குக்குப் பயன்படுத்த முடியாது, கால்சியம், மெக்னீசியம், காரத்தன்மை எதுவும் அதில் தேவையான அளவில் இல்லை.

எவ்வளவு நேரம் கலக்குவது என்பது உப்பைப் பொறுத்தது. பவளத்துக்கென்று காரத்தன்மை கூட்டி விற்கும் உப்புகளை நாள்கணக்கில் ஓடவிட்டால் படிவு வரும், கரைந்து தெளிந்த சில மணி நேரத்தில் பயன்படுத்திவிட வேண்டும். சாதாரண உப்பு என்றால் ராத்திரி கலந்து காலையில் எடுக்கலாம். பாக்கெட்டில் என்ன போட்டிருக்கிறதோ அதைப் பின்பற்றுங்கள். பாக்கெட்டைத் திறந்ததும் காற்றுப் புகாத டப்பாவில் போட்டுவிடுங்கள், கடற்கரை ஊரின் ஈரக்காற்றில் இரண்டே வாரத்தில் பாறையாகிவிடும். அந்தக் கட்டியில் பாதி எடை ஈரமோ என்று நினைக்கிற அளவுக்கு அளவு தப்பும்.

கலந்த தண்ணீரில் ஒருமுறையாவது நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் டெஸ்ட் செய்து பாருங்கள், டேங்க் தண்ணீரை அல்ல, டிரம் தண்ணீரை. இதை யாருமே செய்வதில்லை. டிரம்மில் நைட்ரேட் 10, டேங்கிலும் 10 என்றால் நீங்கள் மாதம் முழுக்கத் தண்ணீர் மாற்றினாலும் 10-லேயேதான் நிற்கும். டிரம்மில் இரண்டும் கண்டுபிடிக்க முடியாத அளவில் இருக்க வேண்டும். டேங்கில் அப்படி இருக்க வேண்டும் என்று சொல்லவில்லை, அங்கே இரண்டையும் ஒட்ட வழித்து 0 ஆக்கினால் டைனோ என்கிற இன்னும் மோசமான பழுப்புச் சளி வர வழி திறக்கும். மீன் போடும் கழிவே டேங்குக்குப் போதும், டிரம் அதற்கு உதவ வேண்டியதில்லை.

டிரம்மின் அடியில் பழுப்பாகவோ வெள்ளையாகவோ ஏதாவது படிந்தால் உடனே பாசி என்று பதறாதீர்கள். உப்பு மிக்ஸில் கரையாத துகள் கொஞ்சம் இருப்பது சகஜம். விரலால் தேய்த்துப் பாருங்கள், மணல் மாதிரி நறநறவென்றிருந்தால் படிவு, வழவழவென்று வழுக்கினால் உயிருள்ள ஏதோ. படிவின் மேல் இரண்டு சொட்டு வினிகர் விட்டு நுரைத்தால் அது கார்பனேட். வினிகரையோ சிட்ரிக் ஆசிட் கரைசலையோ ஊற்றி ஒரு மணி நேரம் மோட்டாரை ஓடவிட்டுக் கழுவினால் டிரம்மும் மோட்டாரும் சுத்தமாகிவிடும். வழவழப்புக்கு வாசனையில்லாத பிளீச்சைத் தண்ணீரில் கலந்து கழுவி, நன்றாக அலசி, வெயிலில் காய வையுங்கள். இரண்டையும் ஒரே நாளில் ஒன்றன் மேல் ஒன்றாக ஊற்றாதீர்கள், பிளீச்சும் அமிலமும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும், பாத்ரூம் மாதிரிச் சின்ன அறையில் அது ஆபத்து. சோப்பு எப்போதுமே வேண்டாம்.

கடல்நீர் பக்கத்திலேயே இருக்கிறதே

எல்லாரும் கேட்கும் கேள்வி இது. நீலாங்கரையிலும் கோவளத்திலும் கேனில் பிடித்து வருபவர்கள் உண்டு, காசு மிச்சம், சிலருக்கு நன்றாகவும் போகிறது. ஆனால் கரையோரத் தண்ணீரில் என்ன இருக்கும் என்பது நாளுக்கு நாள் மாறும். கூவம், அடையாறு முகத்துவாரங்களுக்குப் பக்கத்தில் எடுத்தால் நகரத்தின் சாக்கடையையும் சேர்த்துத்தான் எடுக்கிறீர்கள். வடகிழக்குப் பருவமழைக்குப் பிறகு உப்பின் அளவே இறங்கிவிடும். 2019 ஆகஸ்டில் திருவான்மியூர் பக்கம் அலை நீலமாக ஒளிர்ந்ததை ஊரே போய்ப் பார்த்ததே, அது நாக்டிலுகா என்ற நுண்ணுயிர் பெருகியதால் வந்த ஒளி. பார்க்க அழகு, அந்தத் தண்ணீரை டேங்கில் ஊற்றுவதை நினைத்தால் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. இருட்டில் சில வாரம் மூடி வைத்தால் பாசி செத்துவிடும் என்பார்கள், சாகும்தான். செத்தது அழுகி, அதன் உடம்பிலிருந்த நைட்ரஜனும் பாஸ்பரஸும் மறுபடி அதே தண்ணீருக்குள்தானே வரும். அப்படியும் எடுத்தே தீருவேன் என்றால் படகில் போகிறவர்களிடம் சொல்லிக் கரையிலிருந்து தள்ளி, மழை இல்லாத மாதங்களில் எடுத்து, டெஸ்ட் செய்துவிட்டு ஊற்றுங்கள்.

எவ்வளவு நாள் வைத்திருக்கலாம்? உப்பில்லாத டிஐ தண்ணீர் மூடிய டிரம்மில் ஒரு மாதம்கூடக் கெடாது. கலந்த உப்புநீரை நான் ஒரு வாரத்துக்கு மேல் வைப்பதில்லை. அதனால் தண்ணீரைச் சேர்த்து வைத்து, உப்பை மட்டும் தேவைப்படும்போது கலக்குவதுதான் என் வழக்கம். வெள்ளி ராத்திரி கலந்து, சனி காலை 15 லிட்டர் மாற்றுவேன்.

தண்ணீரைச் சரிசெய்ததும் அடுத்த வாரமே பாசி போய்விடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். மாதக்கணக்கில் கல் உறிஞ்சி வைத்த பாஸ்பேட் மெதுவாகத்தான் வெளியே வரும், அதுவரைக்கும் கையால் பிடுங்கிக்கொண்டே இருக்க வேண்டும். புதிதாக வைத்த டேங்கில் முதல் சில வாரங்களுக்கு வரும் பழுப்புப் பொடியும் தண்ணீர் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் கொஞ்சம் வந்துதான் போகும். எனக்கு ரெசின் டப்பா மாட்டியதிலிருந்து கல் வெளுக்க மூன்று மாதத்துக்குக் கொஞ்சம் மேல் ஆனது. ஓவர்ஃப்ளோ பெட்டியின் பின்னால், கை எட்டாத மூலையில் ஒரு கொத்து இன்னும் இருக்கிறது. நத்தைகள் என்னவோ அந்தப் பக்கம் போவதே இல்லை.